அது போட்டிக்கு வராது

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே ஒரு மாங்கூழ் ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். 13 வயதாகும் என் மகன் 8 வயதிலிருந்து ஞாயிறு பள்ளி வேத வினாடி வினாவில் முதல் பரிசு வாங்கி வருகிறான்; வீட்டில் 5 கோப்பைகள் இருக்கின்றன. இரவு வேலை முடிந்து வந்ததும் நானே வினா விடைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவனைக் கேட்பேன். விடைகள் கடைசிப் பக்கத்தில் இருப்பதால் எனக்குச் சிரமமில்லை. இந்த ஆண்டுப் பாடம் வேதாகமத்தின் நியாயாதிபதிகள், ரூத் ஆகிய இரண்டு புத்தகங்கள். கொஞ்ச நாளாகவே அவனுக்குக் கவனம் சிதறுகிறது. யெப்தா தன் பொருத்தனைக்காக மகளையே பலிகொடுக்கும் பகுதி வந்தபோது, ‘ஆபிரகாம் பலியிடப் போன ஈசாக்கைக் காப்பாற்றிய கடவுள் இந்தப் பெண்ணை ஏன் காப்பாற்றவில்லை?’ என்று ஆரம்பித்தான். அது போட்டிக்கு வராது என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போனேன். இப்போது ஒரு மாதமாக எதைக் கேட்டாலும் ‘ஞாபகம் இல்லை’ என்கிறான். சபையில் தலைகாட்ட முடியவில்லை. ஞாபக சக்திக்கு வல்லாரை மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் மகனுக்கு மறதி எதுவும் இல்லை. மெத்தூசலா 969 ஆண்டுகள் வாழ்ந்தான் என்பதையும், 119ஆம் சங்கீதத்தில் 176 வசனங்கள் இருக்கின்றன என்பதையும் சிறு வயதிலேயே ஒப்பித்துக் கோப்பை வாங்கிய பிள்ளை, ஒரே மாதத்தில் அத்தனையையும் மறந்துவிட்டான் என்று நீங்களே நம்பவில்லை. நம்பியிருந்தால் மருத்துவரிடம் ஓடியிருப்பீர்களே தவிர எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். போட்டிக் காலம் நெருங்கும்போதெல்லாம் இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு வருகின்றன. வயதுக் கோளாறு, கைபேசிக் கோளாறு, போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் எழுத வேண்டுமென எதிர்பார்க்கிறார்கள். நான் எழுதுவதில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் நான்கைந்து முறை படித்தேன். ‘அது போட்டிக்கு வராது.’ மகனின் கவனச் சிதறலுக்கு உதாரணமாக அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 5 ஆண்டுகளாக நீங்கள் கேட்டீர்கள், அவன் சொன்னான். அன்று இரவு முதன்முறையாக அவன் கேட்டான். நீங்கள் வாயை அடைத்தீர்கள். ஏன் அடைத்தீர்கள் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அந்தக் கேள்விக்கு விடை கடைசிப் பக்கத்தில் இல்லை.

உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு. தர்மபுரியில் பல ஆண்டுகள் ஞாயிறு பள்ளிக்கு வினாத்தாள் எழுதியவள் நான். ‘யார் யாரிடம் கூறியது’, கோடிட்ட இடம், குறுக்கெழுத்து எல்லாம் என் கையால் தயாரானவை. யெப்தாவைப் பற்றி நான் வழக்கமாகக் கேட்ட கேள்வி, அவனுடைய மகள் எத்தனை மாதத் தவணை கேட்டாள் என்பது. விடை: இரண்டு மாதம். ஒரு மதிப்பெண். போரில் வென்று திரும்பும் தகப்பனை எதிர்கொள்ளத் தம்புரு அடித்து ஆடிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்த ஒரே பிள்ளை, அவன் வாயிலிருந்து விழுந்த ஒரு பொருத்தனைக்காக, ஒரு நேர்த்திக்கடனுக்காக, பலியாக வேண்டும் என்று தெரிந்ததும், தோழிகளோடு மலைக்குப் போய் அழுதுவிட்டு வர இரண்டு மாதம் கேட்கிறாள். அந்த அழுகையை ஓர் எண்ணாக்கி மதிப்பெண் போட்டிருக்கிறேன். என் வகுப்பில் ஒரு பிள்ளையும் உங்கள் மகனைப் போல எதிர்க்கேள்வி கேட்கவில்லை. கேட்க நான் இடம் கொடுக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அவன் கேட்டது சாதாரணக் கேள்வி அன்று. லேவியராகமம் 27ஆம் அதிகாரத்தில், ஆளைப் பொருத்தனை பண்ணினால் பணம் கொடுத்து மீட்டுக்கொள்ள வழி இருக்கிறது. 5 வயது முதல் 20 வயது வரையுள்ள பெண்ணுக்கு 10 சேக்கல். பிள்ளைகளை நெருப்பில் பலியிடுவது கர்த்தருக்கு அருவருப்பு என்று உபாகமம் 12 சொல்கிறது. இவை இருந்தும் அந்தப் பெண் ஏன் மீட்கப்படவில்லை என்று யூத ஆசான்கள் பழங்காலத்திலேயே கேட்டிருக்கிறார்கள். பொருத்தனையை நீக்கக்கூடிய ஆசாரியன் பினெகாஸ், ‘அவன் என்னிடம் வரட்டும்’ என்று இருந்தானாம். ‘நான் தலைவன், நான் ஏன் போக வேண்டும்?’ என்று யெப்தா இருந்தானாம். இரண்டு பேருடைய கௌரவத்துக்கும் நடுவில் பெண்ணின் உயிர் போயிற்று என்பது அவர்கள் சொன்ன விளக்கம். அவள் பலியாகவில்லை, கன்னியாகவே வாழ்ந்து முடித்தாள் என்று விளக்குகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், ஆபிரகாமிடம் கேட்டவர் கடவுள். யெப்தாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அவனாகவே நேர்ந்துகொண்டான் என்பேன். உங்கள் மகன் இதை ஏற்கலாம், மறுக்கலாம். அந்தப் பெண்ணின் பெயர் வேதாகமத்தில் இல்லை என்பதையும் அவன் கவனித்திருப்பான்.

சபையில் தலைகாட்ட முடியவில்லை என்கிறீர்கள். யாருடைய தலை, தம்பி? போட்டியில் உட்காருகிறவன் அவன். கூசுவது உங்கள் தலை. ஆலைக்கு லாரியில் வந்து இறங்கும் தோத்தாபுரி மாம்பழங்களை ரசீதில் உள்ள எடையை மட்டும் பார்த்து உள்ளே அனுப்புவீர்களா, ஒன்றிரண்டை அறுத்து உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்ப்பீர்களா? உங்கள் வீட்டில் 5 ஆண்டுகளாக எடை மட்டுமே போட்டிருக்கிறீர்கள்.

வினாடி வினா கூடாது என்று நான் சொல்லவில்லை. சேபாவின் ராஜஸ்திரீ விடுகதைகளால் சாலொமோனைச் சோதிக்கத்தான் வந்தாள். வந்தவள் தன் மனதில் இருந்த எல்லாவற்றையும் அவனிடம் பேசினாள் என்றும் 1 இராஜாக்கள் 10இல் இருக்கிறது. (பந்தயத்துக்காகப் போட்ட விடுகதை என்ன ஆயிற்று என்பதை இந்த ஆண்டுப் பாடத்திலேயே, சிம்சோனின் கலியாண விருந்தில் பார்க்கலாம்: 30 மாற்று வஸ்திரங்களுக்காக 30 பேர் செத்தார்கள், மணப்பெண் அவனுடைய தோழனுக்குக் கொடுக்கப்பட்டாள்.) வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் கர்த்தருடைய கட்டளைகளைக் குறித்துப் பிள்ளைகளோடு பேசு என்று உபாகமம் 6 தகப்பனுக்குக் கட்டளையிடுகிறது. யாத்திராகமம் 12இலோ, ‘இந்த ஆராதனையின் கருத்து என்ன’ என்று பிள்ளைகள் கேட்பார்கள், நீங்கள் சொல்லுங்கள் என்று இருக்கிறது. கேள்வி பிள்ளையுடையது, பதில் சொல்லும் கடமை பெற்றவனுடையது. இந்தக் கடமையை ஞாயிறு பள்ளி ஆசிரியையிடமும் ஐம்பது ரூபாய்ப் புத்தகத்திடமும் ஒப்படைத்துவிட்டு, கோப்பையை மட்டும் தன் வீட்டு அலமாரியில் அடுக்கும் தகப்பனிடம் எனக்குப் பரிதாபம் வருவதில்லை.

இன்று இரவு அந்த வினா விடைப் புத்தகத்தை எடுக்காதீர்கள். வேதாகமத்தில் நியாயாதிபதிகள் 11ஐத் திறந்து முதல் வசனத்திலிருந்து, யெப்தாவை அவன் சகோதரர்கள் வீட்டை விட்டுத் துரத்தும் இடத்திலிருந்து, நீங்களே சத்தமாகப் படியுங்கள். உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் தென்படாத உங்கள் மனைவியையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். படித்து முடித்ததும், ‘அன்றைக்கு நீ கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால்தான் தட்டிக்கழித்தேன்’ என்று மகனிடம் சொல்லுங்கள். உடனே அவன் பேசிவிட மாட்டான். இரண்டு நாள், மூன்று நாள் ஆகலாம். சீசன் நேரத்தில் உங்களுக்கு ஓய்வு கிடைப்பது அரிது என்று அறிவேன். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவனைக் கே.ஆர்.பி. அணைக்கு அழைத்துப் போய் நடந்துவிட்டு வாருங்கள், வழியில் எதையும் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள்.

போட்டிக்குப் போவதா வேண்டாமா என்பதை அவன் சொல்லட்டும். வேண்டாம் என்றால் ஆசிரியையிடம் நீங்கள் நேரில் போய்ச் சொல்லுங்கள், மனைவியை அனுப்பாதீர்கள்.

மாத்திரை வேண்டாம். வல்லாரைக் கீரை கிடைத்தால் பருப்புப் போட்டுக் கடைந்து களிக்கு ஊற்றிச் சாப்பிடுங்கள், மூன்று பேரும்.