அப்பத்தா நிறுத்தச் சொன்ன மாத்திரை

கேள்வி: கானாடுகாத்தானில் புகுந்த வீடு. எனக்கு இது 11-வது வாரம். நான்கு ஆண்டுகளாகத் தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். "வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு மாத்திரை எதற்கு?" என்று கணவரின் அப்பத்தா சொன்னதால் பத்து நாட்களாக நிறுத்தியிருக்கிறேன். போன வாரம் தலைவலி தாங்காமல், அலமாரியில் கிடந்த மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டேன். அந்த அட்டைத் துண்டை இத்துடன் ஒட்டியிருக்கிறேன். பயமாக இருக்கிறது.

பதில்: மாற்றிச் செய்துவிட்டீர்களே, அம்மா! விட வேண்டியதைப் போட்டுக்கொண்டு, போட வேண்டியதை விட்டுவிட்டீர்கள்.

தைராய்டு மாத்திரையை நாளைக் காலையே பழைய அளவில் தொடங்குங்கள். முதல் மூன்று மாதங்களில் மூளை வளர்வதற்கு வேண்டிய தைராய்டு ஹார்மோனைக் குழந்தை உங்களிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அதனால் கர்ப்பத்தில் பலருக்கு அளவைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும். இந்த வாரமே தைராய்டு போதுமா என்று காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஐந்தாம் மாதம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம். மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி அரை மணி நேரமாவது கழித்து. (நம் வீடுகளில் சண்டையே இங்கேதான்.) இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஃபோலிக் அமிலத்தையும் நிறுத்தினீர்களா? எழுதவில்லை. நிறுத்தியிருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த அட்டைத் துண்டு. மருந்துக் கடையில் கத்தரித்துக் கொடுத்ததில் பெயரின் தலை போய், 'ஃபெனாக்' என்ற வால் மட்டும் மிஞ்சியிருக்கிறது. டைக்ளோஃபெனாக்கோ அசெக்ளோஃபெனாக்கோ, இரண்டும் ஒரே வலிநிவாரணிக் குடும்பம்தான். போட்ட இரண்டுக்காகப் பதற வேண்டாம், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் இனித் தொடாதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு இவ்வகை மருந்து குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். தலைவலிக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் ஒன்று போதும், அதுவும் தேவைப்படும்போது மட்டும். ஐந்தாம் மாதத்துக்கு மேல் கடும் தலைவலியோடு கண் மங்கினால் மாத்திரை தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய் ரத்த அழுத்தம் பாருங்கள்.

அப்பத்தாவின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரையைப் பல நாடுகளில் மசக்கை வாந்திக்குக் கொடுத்தார்கள். கை கால் வளராத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. 1961-ல்தான் அங்கே அதை நிறுத்தினார்கள். அவர் போட்டுத் தரும் சுக்குமல்லிக் காபியை அளவாகக் குடியுங்கள். பஸ்பம், செந்தூரம் சேர்ந்த லேகியம் என்றால் மட்டும் வேண்டாம், அவை உலோகத்தைப் புடம் போட்டுச் செய்தவை.

மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள், அப்பத்தாவையும் அழைத்துக்கொண்டு. எதை நிறுத்தக் கூடாது என்று அவரிடமே மருத்துவர் சொல்லட்டும். மறுநாள் விடியற்காலையில் தண்ணீர்ச் செம்போடு வந்து அவரே உங்களை எழுப்புவார்.