இயந்திர ஆர்டருக்கு முன்பே மானிய விண்ணப்பம் போக வேண்டும்

வணக்கம். உங்கள் கோவை நிறுவனத்தின் சார்பில் அயர்லாந்தின் டோனிகல் மாவட்டத்தில் 60 பேருக்கு வேலை தரும் பம்ப் உதிரிபாக ஆலை தொடங்கப் போகிறீர்கள். நிலம் வாங்கியாயிற்று, இந்த வாரம் சிஎன்சி (கணினி இயக்கும்) இயந்திரங்களுக்கு ஆர்டர், பிறகு வெளிநாட்டு முதலீட்டை ஈர்க்கும் அரசு அமைப்பான ஐடிஏ அயர்லாந்திடம் மானிய விண்ணப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த ஆர்டரை நிறுத்தி வையுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வட்டார உதவி (பின்தங்கிய பகுதிகளில் முதலீட்டுக்கு அரசு தரும் உதவி) விதிப்படி, பணி தொடங்குமுன் எழுத்துமூல விண்ணப்பம் போயிருக்க வேண்டும். கட்டுமானம் மட்டுமல்ல, திரும்பப் பெற முடியாத இயந்திர ஆர்டரும் 'தொடக்கம்'தான். அதில் கையெழுத்திட்டால் அந்த ஒரு இயந்திரம் அல்ல, திட்டம் முழுதுமே தகுதி இழக்கும். நிலம் வாங்கியது, அனுமதி பெற்றது, சாத்தியக்கூறு ஆய்வு ஆகியவை கணக்கில் வராது. அதனால் இன்னும் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

விண்ணப்பத்தில் நிறுவனத்தின் அளவு, இடம், தொடக்க–முடிவுத் தேதிகள், செலவுப் பட்டியல், கேட்கும் தொகை கட்டாயம். அளவில்தான் பலர் தவறுகிறார்கள்: கோவைத் தாய் நிறுவனத்தின் ஆட்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். கூட்டினால் 250ஐத் தொட்டால் நீங்கள் பெருநிறுவனம்; மானிய வீதம் குறையும், முதலீட்டை 3 ஆண்டுக்குப் பதில் 5 ஆண்டு அங்கேயே வைத்திருக்க வேண்டும்.

செலவில் 25 சதவீதமாவது அரசு உதவி கலக்காத பணமாக இருக்கட்டும். இயந்திரச் செலவை வைத்து அல்லாமல், உருவாக்கும் வேலைகளின் ஊதியச் செலவை வைத்து மானியம் கேட்டால், பணி முடிந்த 3 ஆண்டுக்குள் இடங்களை நிரப்ப வேண்டும். போலந்தில் உங்களுக்குள்ள கிளையை மூடி டோனிகலுக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது தனிச் சிக்கல்.