டைக்கி வழிபாடு: கேள்வி பதில்

பழங்கிரேக்கரின் நற்பேற்றுத் தெய்வமான டைக்கியை இன்று தம் வீடுகளில் வழிபட விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். அவற்றுள் பாதிக்கு மேல் லாட்டரியைப் பற்றியவை என்பதால், அவற்றுக்கெல்லாம் ஒரே பதில்தான்.

கேள்வி: சிலை இல்லாமல் வழிபாட்டைத் தொடங்கலாமா? என்ன படைக்க வேண்டும்?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். கைகளைத் தூய நீரில் கழுவிக்கொண்டு, குந்திரிக்கம் புகைத்து, சிறிது திராட்சை ரசத்தை அவள் பெயரால் ஊற்றினால் போதுமானது. கிரேக்கத் தொன்மக் கதைகளின் பாடகரான ஆர்ஃபியூஸின் பெயரால் வழங்கும் பாடல் தொகுப்பில் டைக்கிக்குரிய பாடலின் தலைப்பிலேயே குந்திரிக்கம் குறிக்கப்பட்டுள்ளது.

அவளைத் தனியே அழைப்பதைக் காட்டிலும், நல்லாவி எனப்படும் அகதோஸ் தைமோனுடன் சேர்த்து அழைப்பது மரபுக்கு நெருக்கமானது. லெபதேயா என்னும் கிரேக்க ஊரில், குறி சொல்லும் தெய்வமாக வணங்கப்பட்ட திரொஃபோனியஸிடம் குறி கேட்கச் செல்பவர்கள், அவ்விருவருக்கும் உரிய கட்டடத்தில் சில நாட்கள் தங்கித் தூய்மை காத்த பின்னரே உள்ளே அனுப்பப்பட்டனர் என்று பயணியான பௌசனியஸ் எழுதியிருக்கிறார். கிரேக்க நகரங்களின் கல்வெட்டுத் தீர்மானங்களிலும், நம் அழைப்பிதழ்களின் தலைப்பில் தெய்வத்தின் பெயரோடு 'துணை' என்று இடுவதைப் போல, 'நற்பேறு துணை' என்னும் பொருள்படும் சொற்கள் முதலில் நிற்கின்றன. ஆகவே ஒரு செயலைத் தொடங்கும்போது அவளை நினைப்பதே முறை. செயல் கெட்ட பிறகு அழைப்பதன்று. மூடிய அறையில் கரி மூட்டிப் புகைக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: பெயரை எப்படி உச்சரிப்பது?

பதில்: 'டைக்கி' என்பது ஆங்கில வழியாக நமக்கு வந்த ஒலி. பழங்கிரேக்கத்தில் ஏறத்தாழ 'தூகே'. இன்றைய கிரேக்கர் 'தீகி' என்பர்.

கேள்வி: லாட்டரிச் சீட்டு வாங்குவதற்கு முன் எந்த மந்திரத்தைச் சொல்ல வேண்டும்? சூதாடிகளின் தெய்வம் அவள்தானே?

பதில்: அப்படியொரு மந்திரம் இல்லை, இருப்பதாகச் சொல்லி விற்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். பகடைக்கும் அவளுக்கும் தொடர்பு உண்டு என்பது மெய்யே. ஆர்கோஸ் நகரில் அவளுக்கிருந்த பழங்கோயிலில், கிரேக்கத் தொன்மக் கதைகளின் வீரரான பலமேதீஸ் தாம் கண்டுபிடித்த பகடைக் காய்களைக் காணிக்கையாக வைத்தார் என்று பௌசனியஸ் கூறுகிறார். அவர் அவற்றை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தார் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: அவளுடைய சக்கரத்தைப் பீடத்தில் வரையலாமா?

பதில்: சக்கரம் பெரும்பாலும் ரோமானியரின் நற்பேற்றுத் தேவியான ஃபோர்ச்சுனாவோடு சேர்ந்தது. டைக்கியின் கைகளில் இருப்பவை கப்பலைத் திருப்பும் சுக்கானும், கனிகள் நிரம்பி வழியும் வளமைக் கொம்பும்.

கேள்வி: டைக்கியும் நம் இலக்குமியும் ஒருவரே என்று படித்தேன். வீட்டில் உள்ள இலக்குமி படத்தையே பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். இந்தக் கூற்றுக்கு அடியில் ஓர் உண்மை இருக்கிறது. அது நாணயங்களைப் பற்றியது. குஷாணர் நாணயங்களில் அர்தோக்ஷோ என்னும் தேவி, டைக்கியின் உருவத்திலிருந்து வந்த வளமைக் கொம்பை ஏந்திக் காட்சியளிக்கிறாள். சமுத்திரகுப்தரின் பொற்காசுகள் அரியணையில் அமர்ந்த அத்தேவியையே கொம்புடன் தொடர்ந்தன. இரண்டாம் சந்திரகுப்தரின் காசுகளில் அரியணை இருந்த இடத்தில் தாமரையும், கொம்பு இருந்த கையில் தாமரை மலரும் வந்து, அவள் இலக்குமியாகிவிடுகிறாள். ஆயினும், யானைகள் நீராட்டும் இலக்குமியைப் பார்கூத்திலும் சாஞ்சியிலும் குஷாணர் காலத்துக்கு முன்பே செதுக்கிவிட்டனர். எனவே, காசில் ஒருத்தி இருந்த இடத்தில் மற்றொருத்தி அமர்ந்தாள் என்பதற்கு மேல் எதையும் சொல்ல இயலாது.

மறுப்பு: கிரேக்கர்களே எகிப்தின் ஐசிஸை டைக்கியோடு இணைத்து வணங்கவில்லையா? அவர்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?

பதில்: நல்ல மறுப்பு. ஐசிஸின் தலையணியும் டைக்கியின் சுக்கானும் சேர்ந்த சிற்றுருவங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அந்த இணைப்பை வழிபட்டவர்களே செய்தார்கள். குப்தர் காசில் நடந்தது அச்சுச் செதுக்கியவரின் கைவேலை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

மறுப்பு: இருவருமே செல்வம் தருகிறார்கள். பிறகென்ன வேறுபாடு?

பதில்: வேறுபாடு மூதேவியில் இருக்கிறது. நம் மரபில் செல்வத்தைத் தருபவள் ஒருத்தி, வறுமையைக் கொணர்பவள் அவளுடைய தமக்கை. ஒருத்தியை உள்ளே அழைத்து மற்றவளை வாசலோடு அனுப்பிவிடலாம் என்று நம்புகிறோம். டைக்கிக்கு அப்படித் தமக்கை இல்லை. முன்பு குறிப்பிட்ட ஆர்ஃபியூஸ் பாடலே, சிலருக்குப் பெருஞ்செல்வமும் சிலருக்குக் கொடிய வறுமையும் அவளே தருவதாகச் சொல்லிவிட்டுத்தான் கனிவுடன் வருமாறு அவளை வேண்டுகிறது. இலக்குமி படத்துக்கு முன் நின்று இந்தப் பாடலைப் படிப்பவர் எதை வரவழைக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கட்டும். இத்துடன் இந்த வாதத்தை முடித்துக்கொள்கிறேன்.

கேள்வி: கிரேக்க நாட்டில் இந்த வழிபாட்டுக்குச் சட்ட ஏற்பு உண்டா?

பதில்: பழைய சமயத்தைப் பின்பற்றுவோரின் உயர் மன்றம் 1997இல் தொடங்கப்பட்டது, 2017இல் ஏற்பு கிடைத்தது.

கேள்வி: ஆறு மாதமாக வழிபடுகிறேன். இருந்த வேலையும் போய், ஊரையும் விட்டு வர வேண்டியதாயிற்று. அவள் என்னை வெறுக்கிறாளா?

பதில்: நீங்கள் பழங்கிரேக்கக் கவிஞர் பிண்டாரின் 12ஆம் ஒலிம்பியப் பாடலைப் படிக்க வேண்டும். கிரீட் தீவின் நோசஸ் நகரைச் சேர்ந்த எர்கோதெலீஸ் உட்பூசலால் ஊரை இழந்து, சிசிலியின் ஹிமேராவில் குடியேறி, நெடுந்தொலைவு ஓட்டத்தில் ஒலிம்பிய வெற்றி பெற்றார். அவருக்காகப் பாடிய பிண்டார், டைக்கியை ஜீயஸின் மகளே, காப்பவளே என்று விளித்துத் தொடங்குகிறார். மனிதரின் நம்பிக்கைகள் பொய்யென்னும் கடலைக் கிழித்துக்கொண்டு மேலும் கீழுமாக உருள்கின்றன என்கிறார். பூசல் உன்னை ஊரைவிட்டு விரட்டியிராவிட்டால், தன் வீட்டு முற்றத்திலேயே சண்டையிடும் சேவலைப் போல, உன் கால்களின் புகழும் வெளியே தெரியாமல் உதிர்ந்திருக்கும் என்று அவரிடமே கூறுகிறார். உங்களுக்கும் அவ்வாறே நடக்கும் என்று நான் வாக்களிக்க முடியாது. பிண்டாரும் வென்றவருக்கே அதைச் சொன்னார். வேலை போனதை வெறுப்பின் அடையாளமாகக் கொள்ள வேண்டாம் என்று மட்டுமே சொல்வேன்.

கேள்வி: லாட்டரிச் சீட்டைப் பீடத்தின் மேல் வைக்கலாமா, அடியில் வைக்கலாமா?

பதில்: மூன்றாம் பதிலைப் படியுங்கள்.