கோடு மாறினால் எந்த ஹைஸ்கூல்? ஃபிரிஸ்கோ பெற்றோரின் கேள்விகளும் என் பதில்களும்

டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே, ஃபிரிஸ்கோ பக்கம் பள்ளி எல்லை (எந்த முகவரிக்கு எந்த அரசுப் பள்ளி என்று பிரிக்கும் கோடு) மாறப்போகிறது என்று யாராவது வாட்ஸ்ஆப்பில் ஒரு வரைபடத்தைத் தட்டிவிட்டால் போதும், அன்று ராத்திரி என் போன் ஓயாது. நான் பள்ளி மாவட்டத்தில் வேலை பார்ப்பவள் இல்லை. இரண்டு பிள்ளைகளை இங்கே ஹைஸ்கூல் (ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை) முடிக்க வைத்தவள், எங்கள் தெருவே ஒரு முறை வேறு பள்ளிக்குப் போனதை அனுபவித்தவள், பள்ளி வாரியக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து பழகியவள். வந்த கேள்விகளில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, சென்னையிலிருந்து ஜூனில் வருகிறோம். எல்லோரும் ஐ.எஸ்.டி., ஐ.எஸ்.டி. என்கிறார்களே, அது என்ன? ஃபிரிஸ்கோவில் வீடு எடுத்தால் ஃபிரிஸ்கோ பள்ளிதானே?

ஐ.எஸ்.டி. என்றதும் எனக்கும் முதலில் நம் ஊர் மஞ்சள் பலகை டெலிபோன் பூத்துதான் ஞாபகம் வந்தது. இங்கே அது 'இண்டிபெண்டண்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்'. நகராட்சிக்குக் கட்டுப்படாத தனி அமைப்பு. தனக்கென்று வரி, தனக்கென்று எல்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் (ஃபிரிஸ்கோவில் ஏழு பேர்) எல்லாம் உண்டு.

ஊர் எல்லையும் பள்ளி மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. பிளேனோ, மெக்கினி, லிட்டில் எல்ம் ஊர்களின் சில பகுதிகள் ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யில் இருக்கின்றன. ஃபிரிஸ்கோ என்று முகவரி போட்ட சில வீடுகள் பிராஸ்பர், லிட்டில் எல்ம், லூயிஸ்வில் மாவட்டங்களில் விழும். அதனால் ஊர் பெயரைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யின் பன்னிரண்டு ஹைஸ்கூலில் எது சிறந்தது என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். ஒன்றுக்கு இணையதளத்தில் ரேட்டிங் 10, இன்னொன்றுக்கு 8 போட்டிருக்கிறது.

ஒரே வார்த்தையில் முடியாது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பன்னிரண்டும் ஒரே மாவட்டம். ஆசிரியர் சம்பள அட்டவணை ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) கணக்கிடும் முறை ஒன்று. தொழில் சார்ந்த பாடங்களுக்கு எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் பஸ் ஏறிப் போவது ஒரே தொழிற்கல்வி மையத்துக்குத்தான். அந்த 10க்கும் 8க்கும் நடுவில் பெரும்பாலும் இருப்பது அந்தப் பகுதியில் யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான், வாத்தியார் எப்படி என்பதல்ல.

மாநிலம் போடும் ஏ முதல் எஃப் வரையிலான கிரேடையும் இப்படித்தான் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அதில் மாணவர் சாதனை என்ற பிரிவில் ஹைஸ்கூலுக்கு ஸ்டார் என்ற மாநிலத் தேர்வு 40 சதவீதம், கல்லூரி-வேலை-ராணுவத் தயார்நிலை 40 சதவீதம், பட்டம் பெறுவோர் விகிதம் 20 சதவீதம். ஸ்டாரில் ஹைஸ்கூல் கணிதம் என்றால் 'அல்ஜீப்ரா 1' பாடம் மட்டும். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அதை ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே மிடில் ஸ்கூலில் எழுதி முடித்துவிடுகிறார்கள். அப்படியென்றால் ஹைஸ்கூல் பெயரில் வரும் அல்ஜீப்ரா மதிப்பெண் அதைத் தாமதமாக எடுத்தவர்களுடையது. அதை வைத்து கால்குலஸ் எப்படி நடக்கும் என்று எடை போடுவது, டிபன் இட்லியைச் சாப்பிட்டுவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்கு மார்க் போடுவது போல.

நான் பார்ப்பது வேறு. பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடம் கேளுங்கள்: ஏ.பி. பிசிக்ஸ் சி (கல்லூரி அளவிலான இயற்பியல்) எத்தனை செக்ஷன்? ஃபிரிஸ்கோ வேண்டுமென்றே பள்ளிகளைச் சிறிதாக, சுமார் 2,100 பிள்ளைகள் என்ற அளவில் கட்டிய மாவட்டம். சிறிய பள்ளியில் மேல்மட்டப் பாடம் பல நேரம் ஒரே ஒரு பீரியடில்தான் நடக்கும். என் மகளுக்கு ஆர்கெஸ்ட்ராவும் பிசிக்ஸும் ஒரே பீரியடில் வந்து நின்றன. வயலினை ஆறாம் வகுப்பிலிருந்து வாசித்தவள். ஆகஸ்ட் மாதம் சாப்பாட்டு மேஜையில் கால அட்டவணைப் பேப்பரை விரித்துவைத்து அவள் அழுதது எந்த ரேட்டிங்கிலும் வராது.

பிள்ளைகள் எண்ணிக்கை குறைகிறது என்கிறார்கள். அப்புறம் எதற்கு எல்லையை மாற்ற வேண்டும்?

முன்பு ஏறியதால் மாற்றினார்கள், இப்போது இறங்குவதால் மாற்றுகிறார்கள். 2003ல் சென்டினியல் வந்ததிலிருந்து வேக்லேண்ட், லிபர்டி, ஹெரிடேஜ், லோன் ஸ்டார், இண்டிபெண்டன்ஸ், ரீடி, லெபனான் டிரெயில் என்று வரிசையாகப் பள்ளிகள் முளைத்தன. 2018ல் மெமோரியல், 2021ல் எமர்சன், 2022ல் பாந்தர் கிரீக். ஒவ்வொன்று திறக்கும்போதும் பக்கத்துப் பள்ளிகளின் கோடு நகரும்.

மெமோரியலுக்கு ஒரு கதை உண்டு. 2016 ஆகஸ்டில் வரி உயர்வுக்கான வாக்கெடுப்பு தோற்றது. உடனே மாவட்டம், திறப்பதற்கு இருந்த நான்கு பள்ளிகளை ஒரு வருடம் தள்ளிப்போட்டது. அதில் மெமோரியலும் ஒன்று. ஆக, கோடு எப்போது மாறும் என்பதை வாக்குச்சீட்டும் தீர்மானிக்கும்.

இப்போது நிலைமை தலைகீழ். வீட்டு விலை ஏறியதால் சின்னக் குழந்தை வைத்திருக்கும் தம்பதிகள் வடக்கே பிராஸ்பர், செலைனா என்று போய்விடுகிறார்கள். டெக்சஸில் மாநிலப் பணம் பிள்ளைகளின் சராசரி வருகையைப் பொறுத்து வருகிறது, இடம் காலியாக இருந்தால் பணமும் குறையும். ஃபிரிஸ்கோ ஸ்டேலி மிடில் ஸ்கூலை 2024-25 கல்வியாண்டோடு மூடியது. பக்கத்துப் பிளேனோ அதே ஆண்டு முடிவில் இரண்டு எலிமெண்டரி, இரண்டு மிடில் என நான்கை மூடியது. மிடில் ஸ்கூல் மூடினால் அதன் பிள்ளைகள் எந்த ஹைஸ்கூலுக்குப் போவார்கள் என்ற கேள்வி தானாக வரும்.

டாப் 5 சதவீதம் வந்தால்தான் யு.டி. ஆஸ்டின் (ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம்). போட்டி குறைந்த பள்ளிக்குக் கோடு மாறினால் நமக்கு லாபம்தானே?

இதைக் கேட்காத தமிழ் அப்பா இந்த ஊரில் இல்லை. முதலில் விஷயம்: 1997ல் வந்த மாநிலச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 10 சதவீதத்துக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி அனுமதி உண்டு. ஆஸ்டினுக்கு மட்டும் விலக்கு, ஒரு வரம்புக்கு மேல் எடுக்க வேண்டியதில்லை. அதனால் அங்கே 6 சதவீதமாக இருந்தது, 2026 இலையுதிர் பருவத்தில் சேர்பவர்களுக்கு 5 ஆகக் குறைந்தது.

500 பேர் வகுப்பில் 5 சதவீதம் என்றால் 25 பேர். கடுமையான பள்ளியில் 40வது இடத்தில் நிற்கும் பிள்ளை வேறு பள்ளியில் 20வது இடத்தில் நிற்கலாம். மறுக்கவில்லை. ஆனால் மூன்று விஷயம் மறந்துவிடுகிறோம். கோடு மாறினால் உங்கள் பிள்ளை மட்டும் போவதில்லை, உங்கள் தெருவில் உள்ள போட்டியாளர்கள் அத்தனை பேரும் கூடவே வருவார்கள். அடுத்து, நேரடி அனுமதி பல்கலைக்கழகத்துக்குத்தான், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கோ இன்ஜினீயரிங்குக்கோ அல்ல. அதற்குத் தனிப் பரிசீலனை. மூன்றாவது, நம் வீடுகளில் ரேங்க் என்ற சொல் ஏற்கனவே அதிகம் ஒலிக்கிறது. என் மகன் ஒரு நாள், 'அம்மா, நான் எத்தனாவது ஆள் என்று கேட்காமல் ஒரு நாள் இரு' என்றான். அதற்கப்புறம் நான் அந்த எண்ணைக் கேட்டதில்லை. (பொய். ஜூனியர் வருட (பதினொன்றாவது) முடிவில் ஒரு தடவை கேட்டேன்.)

வீடு வாங்கப் போகிறோம். இந்தப் பள்ளி உறுதி என்று ரியல்டர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

நம்பாதீர்கள். விளம்பரத்தின் அடியிலேயே, பள்ளியை வாங்குபவரே சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். முகவரியை மாவட்டத்தின் இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். அதுவும் இன்றைய நிலவரம்தான், நாளைக்கு அல்ல.

நான் சொல்லும் வழி இது. அந்த வீட்டிலிருந்து இப்போதைய பள்ளியை மட்டும் பார்க்காமல், கோடு நகர்ந்தால் அடுத்து விழக்கூடிய பள்ளியையும் பாருங்கள். இரண்டுக்கும் ஒரு வார நாள் காலையில், பள்ளி தொடங்கும் நேரத்தில் கார் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது பள்ளியும் உங்களுக்குச் சம்மதம் என்றால் வாங்குங்கள். முதலாவது மட்டும்தான் வேண்டும் என்றால், முப்பது வருடக் கடனை ஏழு பேர் கைதூக்கும் ஒரு வாக்கெடுப்பின் மேல் வைக்கிறீர்கள் என்று அர்த்தம். கோட்டின் ஓரத்தில் இருக்கும் வீடுகளும், இன்னும் காலி மனைகள் நிறைய உள்ள பக்கமும் முதலில் நகரும்.

பையன் பத்தாவது. பாதியில் மாற்றிவிடுவார்களா? தங்கை ஏழாவது.

இந்தப் பகுதி மாவட்டங்களில் வழக்கம், கடைசி வருடப் பிள்ளைகளைப் பழைய பள்ளியிலேயே முடிக்க விடுவது. சில முறை பதினொன்றாவதுக்கும் அந்தச் சலுகை வரும். ஆனால் அப்படித் தங்கினால் பஸ் கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள், கொண்டுவிடுவது உங்கள் பாடு. தங்கைக்கு அண்ணன் பெயரில் இடம் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டு பிள்ளை இரண்டு பள்ளி, இரண்டு பெற்றோர் கூட்டம், ஒரே நாளில் இரண்டு கச்சேரி. நாங்கள் ஒரு வருடம் அப்படித்தான் ஓடினோம்.

எங்கள் தெரு மாறியபோது பெரியவன் ஒன்பதாவது முடித்திருந்தான். புதிதாகத் திறந்த பள்ளி. முதல் நாள் பார்க்கப் போனோம். கார்ப்பெட் பசை வாசனை, நடைபாதையில் ஆளுயரக் கண்ணாடி அலமாரி, அதில் ஒரு கோப்பை கூட இல்லை. எனக்கு அடிவயிறு கலங்கியது. அவனோ அதைப் பார்த்துச் சிரித்தான். மேல் வகுப்பு மாணவர்களே இல்லாத வருடம், அதனால் பத்தாவதிலேயே டிபேட் அணிக்குத் தலைவன் ஆனான். பழைய பள்ளியில் அவனுக்கு முன்னால் இருபது பேர் நின்றிருப்பார்கள். இழந்ததும் உண்டு. எட்டாவதிலிருந்து கூடவே இருந்த இரண்டு நண்பர்கள் சாலைக்கு அந்தப் பக்கம் தங்கிவிட்டார்கள், அந்தச் சிநேகம் திரும்ப ஒட்டவில்லை.

நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்துச் சேர்த்தால் என்ன?

வேண்டாம். பொய்த் தகவல் கொடுத்துச் சேர்ப்பது டெக்சஸில் குற்றம், கட்டணமும் வசூலிக்கலாம். விசாவில் இருப்பவர்கள் இந்த விளையாட்டுக்கே போகாதீர்கள்.

மகள் டென்னிஸ் நன்றாக ஆடுவாள். மாற்றம் வாங்கி வேறு பள்ளிக்கு அனுப்பலாமா?

அந்தப் பள்ளியின் எல்லைக்குள் குடியில்லாமல் நீங்களாக மாற்றம் வாங்கினால், மாநில விளையாட்டு அமைப்பான யு.ஐ.எல். விதிப்படி பொதுவாக ஒரு வருடம் வார்சிட்டி அணியில் (பள்ளியின் முதன்மை அணி) ஆட முடியாது. விளையாட்டுக்காகவே மாற்றினீர்கள் என்று தெரிந்தால் இன்னும் சிக்கல். கையெழுத்துப் போடும் முன் கோச்சிடம் அல்ல, பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

எல்லைத் தொல்லையே இல்லாத ஊர் உண்டா?

உண்டு, ஆலன். ஒரே ஒரு ஹைஸ்கூல், சுமார் 5,000 பேர், 2012ல் 6 கோடி டாலரில் 18,000 இருக்கையோடு கட்டிய ஸ்டேடியம். ஆலன் ஐ.எஸ்.டி. எல்லைக்குள் வீடு எங்கே வாங்கினாலும் அதே பள்ளி. பாடங்களுக்குப் பஞ்சமில்லை, செக்ஷன் மோதல் குறைவு. ஆனால் அந்தக் கூட்டத்தில் கூச்ச சுபாவமுள்ள பிள்ளை தொலைந்துபோகலாம். பிராஸ்பரில் 2020ல் ராக் ஹில், 2023ல் வால்நட் குரோவ், 2025ல் ரிச்லாண்ட் என்று இன்னும் திறந்துகொண்டே இருக்கிறார்கள், கோடும் ஓடிக்கொண்டே இருக்கும்.

வாரியக் கூட்டத்தில் பேசினால் பயன் உண்டா அண்ணி? என்ன பேசுவது?

உண்டு, நேரத்தில் போனால். வரைபடம் முடிவான அன்று எண்பது பேர் போவதை விட, வரைவு வந்த வாரம் எட்டுப் பேர் போவது மேல். முன்கூட்டிப் பெயர் கொடுக்க வேண்டும், பேச இரண்டு மூன்று நிமிடம்தான். வீட்டு விலை குறையும் என்று ஆரம்பிக்காதீர்கள், அந்தப் பேச்சைக் கேட்டதும் வாரியத்தார் முகம் இறுகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எந்தச் சாலையைப் பிள்ளைகள் கடக்க வேண்டும், எலிமெண்டரி வகுப்பு எப்படி இரண்டாகப் பிரிகிறது, மாற்று வரைபடத்தில் எத்தனை பிள்ளைகள் மாறுவார்கள் என்று பேசுங்கள். ஒரு முறை எங்கள் பக்கத்துப் பாட்டி ஒருவர், பேரனின் சைக்கிள் எந்த சிக்னலில் நிற்கும் என்பதை மட்டும் தமிழ் கலந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த வரைவில் கோடு அந்தச் சாலைக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது. அவர் பேச்சால்தானா என்று தெரியாது. பாட்டி மட்டும் இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்.