‘ஜஸ்ட் நவ்’ என்றால் எப்போது?

கேள்வி: மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. குழாய் ரிப்பேர்காரர் காலை 10 மணிக்கு போனில் ‘ஐ வில் கம் ஜஸ்ட் நவ்’ என்றார். லீவு போட்டுக் காத்திருந்தேன். வந்தது மாலை 4.30க்கு. கேட்டால், “அதைத்தானே சொன்னேன்” என்கிறார்!
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: அவர் சொன்னதில் பிழையில்லை. ‘ஹி லெஃப்ட் ஜஸ்ட் நவ்’ என்றால் இப்போதுதான் கிளம்பினார் என்று ஊரில் படித்திருப்பீர்கள். இறந்தகால வினையோடு வந்தால் இங்கேயும் அதே பொருள்தான். முன்னால் ‘ஐ வில்’ வந்துவிட்டால் ஆட்டமே வேறு. ‘அப்புறம்’ என்று அர்த்தம். அரை மணியும் ஆகலாம், பொழுதும் சாயலாம். ஆகவே முதலில் வினையைக் கவனியுங்கள்.

இந்த நாட்டில் பேசப்படும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ‘நெட்நோ’ என்றொரு சொல் உண்டு. ‘சற்று முன்பு’, ‘சற்றுப் பிறகு’ இரண்டுக்கும் அது ஒன்றேதான். அதன் சாயல்தான் இங்கத்து ஆங்கிலத்தில் படிந்திருக்கிறது. ‘நவ்-நவ்’வும் அந்த வழியில் வந்ததே. தமிழர் இடறுவது இதில்தான்: ‘வா வா’ என்று அடுக்கினால் நமக்கு அவசரம். ‘நவ்-நவ்’வில் அவ்வளவு அவசரம் கிடையாது, ‘ஜஸ்ட் நவ்’வைவிடக் கொஞ்சம் சீக்கிரம், ஒரு டீ போட்டுக் குடிக்கிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (நாம் மட்டும் என்னவாம்? செருப்புக்கூட மாட்டாமல் ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோமே!)

உடனே வேண்டுமென்றால் ‘ரைட் நவ்’ அல்லது ‘ஸ்ட்ரெய்ட் அவே’. குழாய்க்காரரிடம் அதுகூட வேண்டாம். ‘பிஃபோர் லஞ்ச் ஆர் ஆஃப்டர்?’ என்று கேட்டுவிடுங்கள். சென்னைக்கோ லண்டனுக்கோ மெயில் எழுதும்போது மணியையே போடுங்கள். அங்கே ‘ஜஸ்ட் நவ்’வைப் படிப்பவர் உடனே எதிர்பார்ப்பார்.

கேள்வி: தமிழ் வகுப்பில் பிள்ளைகள் ‘மா இஸ் கமிங் ஜஸ்ட் நவ்’ என்பதை ‘அம்மா இப்போதுதான் வருகிறார்’ என்று எழுதுகிறார்கள். சரியா?
– ஆசிரியை, டோங்காட்

பதில்: தவறு. அப்படி எழுதினால், இவ்வளவு நேரம் கழித்து அம்மா வாசலில் தென்படுகிறார் என்றாகும். ‘அம்மா அப்புறம் வருவார்’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘நவ்-நவ்’வுக்கு ‘கொஞ்ச நேரத்தில்’ பொருந்தும். ‘ஹி வாஸ் ஹியர் ஜஸ்ட் நவ்’ வந்தால் மட்டும் ‘இப்போதுதான் இங்கே இருந்தார்’. ‘இஸ் கமிங்’ பார்வைக்கு நிகழ்காலம், இந்த வாக்கியத்தில் எதிர்காலம்; பிள்ளைகள் சறுக்குவது அந்த இடத்தில்தான்.