எந்தக் கோட்பாடு என்று கேட்காதீர்கள், எந்தச் சட்டை என்று கேளுங்கள்

கேள்வி: உலகமயமாதலும் திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளரும் என்ற தலைப்பில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எந்தக் கோட்பாட்டை எடுப்பது? நெறியாளர் 300 வினாநிரல் வேண்டும் என்கிறார். ஒருவர் தரவு முழுவதையும் தானே தயாரித்துத் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இப்படி வாங்கிய ஆய்வேடு ஒன்று தேர்வுக்காக என்னிடம் வந்தது. முந்நூறு பேரும் ஒரு கேள்வியையும் விடாமல் பதில் சொல்லியிருந்தார்கள். ஓவர்லாக் மெஷினில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைப்பவரிடம் ஒரு முறையாவது பேசிப் பார்த்தவருக்குத் தெரியும், அவர் பாதியிலேயே எழுந்து போவார். எண்ணிக்கை கேட்டு மாணவரை நெருக்கும் நம் முறைதான் இந்தத் தரகர்களை வளர்க்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கோபம் வருகிறது.

கோட்பாடு ஒன்று போதும். சமூகவியலாளர் கேரி கெரெஃபி 1994இல் விளக்கிய, வாங்குவோர் ஆட்டுவிக்கும் பண்டச் சங்கிலியை எடுங்கள். ஒரு மெஷின்கூட இல்லாத வெளிநாட்டு நிறுவனம் டிசைனையும் விலையையும் கப்பல் தேதியையும் முடிவு செய்கிறது என்பதே அதன் சாரம். ஒரே ஒரு பருத்தி டி-ஷர்ட்டைப் பிடித்துக்கொண்டு நூல், நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங் என்று பின்னாலேயே போங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கேள்விகள்: இங்கே விலை வைத்தது யார்? தாமதமானால் நஷ்டம் யார் தலையில்? ஒரு சட்டைக்கு ஆகும் செலவைக் கணக்கிட்ட காஸ்டிங் ஷீட்டை முதலாளிகள் காட்ட மறுத்தால் கவலை வேண்டாம். வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் பருத்தி டி-ஷர்ட்டுக்கான 610910 என்ற குறியீட்டைப் பாருங்கள், இலவசம். மதிப்பை எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி விலை கிடைத்துவிடும்.

ஒரு விலக்கு மிக முக்கியம். 2005க்கு முந்தைய காலத்தைத் தொட்டால் இந்தச் சட்டகம் தனியாக நிற்காது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் எத்தனை உருப்படி போகலாம் என்பதை 1974 முதல் பல்லிழை ஒப்பந்தம் (Multi Fibre Arrangement) என்ற சர்வதேச ஜவுளி வணிக உடன்பாட்டின் கோட்டா, அதாவது அளவு வரம்பு, கட்டுப்படுத்தியது. 1995இல் அந்த ஒப்பந்தம் போனாலும் கோட்டா 2004 டிசம்பர் 31 வரை நீடித்தது. பையர், அதாவது வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், தயாராக இருந்தாலும் கோட்டா இல்லாதவரால் அந்தச் சந்தைகளுக்குச் சரக்கை ஏற்ற முடியாது. ஆகவே அந்த ஆண்டுகளின் விலையையும் இன்றைய விலையையும் ஒரே அட்டவணையில் போட்டு, எல்லாம் பையர் செய்தது என்று எழுதிவிடாதீர்கள். பழைய முதலாளிகளைப் பார்த்தால் கோட்டா எப்படிக் கிடைத்தது என்று முதலில் கேளுங்கள்.

நெறியாளரிடம், முந்நூறு என்பது எந்த விதியில் இருக்கிறது என்று பணிவாகக் கேளுங்கள். முப்பது பேரிடம் நிதானமாகப் பேசுங்கள். சனிக்கிழமை மாலை சம்பள நேரம், யாரும் நிற்க மாட்டார்கள். ஞாயிறு காலை வீட்டுக்கே போங்கள், கம்பெனி வாசலில் வைத்துப் பேசாதீர்கள்.