கேள்வி-பதில்: "இஸ்ரவேலரெல்லாரும்" என்றால் யார்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இஸ்ரவேலைப் பற்றியவை. செய்தியில் எருசலேம் அடிபட்டால் என் தபால்பெட்டியும் நிரம்பிவிடும். ஒரு வேண்டுகோள்: வசனத்தைக் குறிப்பிடும்போது அதிகாரமும் எண்ணும் சேர்த்து எழுதுங்கள். "பைபிளில் எங்கேயோ இருக்கிறதே" என்று எழுதுகிறவர்களுக்கு நானும் எங்கேயோதான் பதில் சொல்ல முடியும்.

"இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்" (ரோமர் 11:26) என்றால் யூதாஸ், காய்பா உட்பட எல்லா யூதருமா? (மார்த்தாண்டம்)

இல்லை. 1 சாமுவேல் 25:1-ஐ எடுத்துப் பாருங்கள். சாமுவேல் இறந்தபோது "இஸ்ரவேலர் எல்லாரும்" கூடிவந்து துக்கம் கொண்டாடினார்கள் என்று இருக்கிறது. தொட்டில் குழந்தையும் படுத்த படுக்கையான கிழவியும் ராமாவுக்கு நடந்துபோனார்கள் என்றா புரிந்துகொள்கிறோம்? ஊரே திரண்டது என்கிறோமே, அதுபோலத்தான். ரபிகளின் பழைய போதனைத் தொகுப்பான மிஷ்னாவிலும் இதே பேச்சு உண்டு. "இஸ்ரவேலர் எல்லாருக்கும் வரும் உலகில் பங்கு உண்டு" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே பங்கில்லாதவர்களின் பட்டியல் வருகிறது.

சரி, பின்னே யார்? மூன்று பதில்கள் புழக்கத்தில் உள்ளன. யூதரும் புறஜாதியாரும் (யூதரல்லாதவரும்) சேர்ந்த தேவஜனம் முழுவதும் என்றார் சீர்திருத்தத் தலைவர் கால்வின். ஒவ்வொரு தலைமுறையிலும் விசுவாசிக்கிற மீதியான யூதர்கள், அவர்களின் மொத்தக் கூட்டல் என்பது இன்னொரு பதில். கடைசிக் காலத்தில் யூத ஜனம் திரளாக மேசியாவிடம் திரும்பும் என்பது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி. காரணம் எளிது. ரோமர் 9 முதல் 11 வரை பவுல் பத்துப் பதினொரு தடவை "இஸ்ரவேல்" என்கிறார். அநேகமாக எல்லா இடத்திலும் தன் மாம்சத்தின்படியான இனத்தாரைத்தான் சொல்கிறார். 25-ஆம் வசனத்தில் இனமாக இருந்தது 26-இல் திடீரென்று சபையாக மாறுமா? கால்வின் பெரியவர்தான், இந்த ஒரு வசனத்தில் அவரோடு எனக்கு ஒத்துவரவில்லை. எந்தக் கட்சியானாலும் 11-ஐ மட்டும் பிய்த்து வாசிக்காதீர்கள். 9-இல் தொடங்குங்கள்.

ஆங்கில வேதாகமம் வாசிக்கிற என் மகன் அந்த வசனம் "அதற்குப் பிறகு" என்கிறது என்கிறான். நம் வேதாகமத்தில் "இந்தப்பிரகாரம்" என்று இருக்கிறதே? (வேலூர்)

நம்முடையது சரி. கிரேக்கத்தில் "ஹூட்டோஸ்", அதாவது இப்படியாக, இந்த விதமாக. அது நேரத்தைச் சொல்கிற சொல் அல்ல, விதத்தைச் சொல்கிற சொல். புறஜாதியாரின் நிறைவு உண்டாகும்வரைக்கும் என்ற கால வரிசை முந்தின வசனத்தில் இருக்கிறது. மகனிடம் சொல்லுங்கள்.

நான் மாங்கன்று ஒட்டுக்கட்டி விற்கிறவன். காட்டுக் கிளையை நல்ல மரத்தில் ஒட்டுவதாக பவுல் எழுதியிருக்கிறார். யாராவது அப்படிச் செய்வார்களா? பவுலுக்கு விவசாயம் தெரியாதா? (பெரியகுளம்)

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி இதுதான். நீங்கள் செய்வது என்ன? நாட்டு மாங்கொட்டையை முளைக்கவைத்து, அதன்மேல் நல்ல ரகத்தின் குச்சியை வைத்துக் கட்டுகிறீர்கள். வேர் நாட்டுவேர், கனி உயர்ந்த கனி. பவுலோ தலைகீழாகச் சொல்கிறார்: இஸ்ரவேலின் வேர் நல்லது, ஒட்டிய புறஜாதிக் குச்சி காட்டுக்குச்சி. இது தெரியாமல் எழுதவில்லை என்பதற்கு அவரே அத்தாட்சி. ரோமர் 11:24-இல் "சுபாவத்துக்கு விரோதமாய்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். எந்தத் தோட்டக்காரனும் செய்யாததை தேவன் உனக்குச் செய்தார், ஆகையால் துள்ளாதே என்பதுதான் உவமை.

ஒரு சுவாரசியம்: காய்ப்புக் குறைந்த ஒலிவ மரத்தில் துளைபோட்டுக் காட்டொலிவக் குச்சியைச் செருகி மரத்துக்குத் தெம்பு ஏற்றுகிற வழக்கத்தை, பவுலின் காலத்து ரோம விவசாய எழுத்தாளர் கொலுமெல்லா எழுதிவைத்திருக்கிறார். அதை வைத்து பவுலுக்கு விவசாயம் நன்றாகவே தெரியும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் தேவைப்படவில்லை. வெட்டிப்போட்ட கிளையை (விசுவாசியாத யூதரை) எடுத்து அதே மரத்தில் மறுபடி ஒட்டுவதாகவும் பவுல் சொல்கிறாரே, அதை எந்த ஊர் நாற்றங்காலில் பார்த்திருக்கிறீர்கள்? உலர்ந்த குச்சி துளிர்க்கும் என்கிறார் அவர். விவசாயத்தை மீறினால்தான் அவர் சொல்லவந்தது விளங்கும்.

மத்தேயு 24:32-34-இல் அத்திமரம் துளிர்ப்பதைச் சொல்லி, இந்தச் சந்ததி ஒழிந்துபோகுமுன் எல்லாம் நடக்கும் என்கிறார் இயேசு. அத்திமரம் துளிர்ப்பது 1948-இல் இஸ்ரேல் பிறந்ததைக் குறிக்கிறது. ஒரு சந்ததி 80 வருஷம். ஆகவே 2028-க்குள் யூதர்கள் இரட்சிக்கப்பட்டு எல்லாம் முடிந்துவிடும். இதை ஏன் நீங்கள் பிரசங்கிப்பதில்லை? (சென்னை, இதே செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து)

பிரசங்கிக்காததற்குக் காரணம் என் சித்தப்பாவின் வேதாகமம்.

அவர் காலமானபின் அது என்னிடம் வந்தது. கறுப்புத் தோல் அட்டை, முதுகில் பிளாஸ்திரி ஒட்டியது. மத்தேயு 24 பக்கத்தின் ஓரத்தில் நீல மையில் "1948 + 40 = 1988" என்று இருக்கிறது. அதன்மேல் ஒரு கோடு. கீழே சிவப்பு மையில் "1967 + 40 = 2007". ஆறு நாள் யுத்தத்தில் பழைய எருசலேம் இஸ்ரேல் கைக்கு வந்த வருஷத்திலிருந்து கணக்கைப் புதுப்பித்திருக்கிறார். 2007-ஐப் பார்க்காமலே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இருந்திருந்தால், ஆயுசு எழுபது வருஷம், பெலமிருந்தால் எண்பது என்கிற சங்கீதம் 90:10-ஐப் பிடித்து "1948 + 70 = 2018" என்று பச்சை மையில் எழுதியிருப்பார். இப்போது அதே வசனத்தின் பிற்பாதியை எடுத்து நீங்கள் 80 என்கிறீர்கள். கூட்டல் பிசகவில்லை. கூட்டுகிற எண்தான் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது.

1988-ஐ என்னைப்போன்ற வயதுள்ளவர்கள் மறக்க முடியாது. அமெரிக்காவில் விண்வெளித் துறையில் வேலைபார்த்த ஒரு பொறியாளர், அந்த செப்டம்பரில் யூதப் புத்தாண்டை ஒட்டி சபை பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று புத்தகம் போட்டார். லட்சக்கணக்கில் பரவியது. செப்டம்பர் கழிந்தது. மனிதர் வெட்கப்பட்டாரா? ஒரு வருஷம் பிசகிவிட்டது, 1989 என்று மறுபடி எழுதினார். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் அந்த ஆவணியில் மகள் கல்யாணத்தைத் தள்ளிவைத்தது. ஏன் தள்ளினார்கள் என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் யார் சொல்வது என்று அப்புறம் ஆறு மாதம் பஞ்சாயத்து நடந்தது.

வசனத்துக்கு வருவோம். அத்திமரம் என்றாலே இஸ்ரவேல்தான் என்கிறீர்கள். ஓசியா 9:10-இல் அப்படி ஒரு உவமை உண்டு, எரேமியா 24-இல் இரண்டு கூடை அத்திப்பழம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று அதிகாரம் முன்னால் போங்கள். மத்தேயு 21:19-இல் இயேசு ஒரு அத்திமரத்தைப் பார்த்து, இனி ஒருக்காலும் உன்னிடத்தில் கனி உண்டாகாதிருக்கக்கடவது என்கிறார். அந்த மரமும் இஸ்ரவேல்தானா? அப்படியானால் உங்கள் 24-ஆம் அதிகாரக் கணக்கு 21-இலேயே பட்டுப்போனது. அங்கே மட்டும் மரம் வெறும் மரம், இங்கே மட்டும் தேசம் என்று வைத்துக்கொள்ள யார் அனுமதி தந்தார்கள்?

லூக்கா இன்னும் தெளிவு. "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்" (21:29). மற்ற மரங்கள் சிரியா, லெபனான் என்று ஒரு துண்டுப்பிரசுரத்தில் வாசித்தேன். மா, பலா எந்தெந்த நாடுகளோ தெரியவில்லை. பாலஸ்தீனத்தில் ஒலிவ மரம் வருஷம் முழுவதும் பச்சையாக நிற்கும். அத்தி குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாகும், துளிர்த்தால் கோடை வந்துவிட்டதென்று சிறுபிள்ளைக்கும் தெரியும். உவமை அவ்வளவுதான்.

சீஷர்களே கேட்டுப் பார்த்துவிட்டார்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவரிடம் நாற்பது நாள் பாடம் கேட்டபிறகு, "இக்காலத்திலா ராஜ்யத்தை இஸ்ரவேலுக்குத் திரும்பக் கொடுப்பீர்" என்றார்கள். கொடுக்கவே மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். காலங்களையும் வேளைகளையும் அறிகிறது "உங்களுக்கு அடுத்ததல்ல" என்றார் (அப். 1:7). அப்போஸ்தலருக்கு அடுத்ததல்லாதது வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும் எப்படி அடுத்ததாயிற்று?

1948-க்கு அர்த்தமே இல்லை என்று நான் சொல்வதாக அடுத்த கடிதம் எழுதாதீர்கள். எசேக்கியேல் 37-இல் எலும்புகள் சேர்ந்து, தசை மூடி, "ஆனாலும் அவைகளில் ஆவி இல்லாதிருந்தது" என்று 8-ஆம் வசனத்தில் ஒரு நிறுத்தம் வருகிறது. இன்றைய இஸ்ரேல் அந்த நிறுத்தத்தில் நிற்கிறது என்கிறார்கள் சிலர். பாபிலோனிலிருந்து திரும்பினதிலேயே அது நிறைவேறியது என்கிறார்கள் வேறு சிலர். இரு பக்கமும் வசனம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். மை வேண்டாம்.

சகரியா 13:8-இன்படி யூதரில் மூன்றில் இரண்டு பங்கு சாகவேண்டும், அப்போதுதான் இரட்சிப்பு வரும். அப்படியானால் இப்போது நடக்கும் யுத்தங்கள் நல்லதுதானே? (ஊர் போடவில்லை)

ஊர் போடாதது நல்லதாயிற்று. மனிதர் சாவதை ஆவலோடு எண்ணிக்கொண்டிருக்க எந்தத் தீர்க்கதரிசனமும் எழுதப்படவில்லை. எருசலேமுக்கு வரப்போகும் அழிவை அறிந்து, அந்த நகரத்தைப் பார்த்து இயேசு கண்ணீர்விட்டார், அந்த இடத்தில் உங்கள் கடிதத்தை வைத்து வாசித்துப் பாருங்கள். அடுத்தது, முந்தின வசனத்தை ஏன் விட்டீர்கள்? "மேய்ப்பனை வெட்டு" என்ற 13:7-ஐ இயேசு தாம் பிடிபட்ட இரவில் தம்மைக்குறித்தே எடுத்துச்சொன்னார் (மத்தேயு 26:31). அதனால் 8-ஆம் வசனத்தை, ரோமப் படை எருசலேமை இடித்த கி.பி. 70-இன் அழிவோடு சேர்த்து வாசிக்கிறவர்கள் நிறையப்பேர். இரட்சிப்பு எப்படி வரும் என்று சகரியாவிடம் கேட்க வேண்டுமானால் 12:10-இல் கேளுங்கள்: கிருபையின் ஆவி ஊற்றப்படுகிறது, தாங்கள் குத்தினவரை நோக்கிப்பார்க்கிறார்கள், ஏகபுத்திரனுக்காகப் புலம்புகிறதுபோலப் புலம்புகிறார்கள். அங்கே வேலைசெய்வது வாளல்ல, ஆவியானவர்.

சபைதான் புது இஸ்ரவேல், யூதருக்கு இனி ஒன்றுமில்லை என்று எங்கள் போதகர் சொல்கிறார். ஆதிச் சபையும் அப்படித்தான் நம்பியதாமே? (மட்டக்களப்பு)

பாதி உண்மை. சபை இஸ்ரவேலின் இடத்தைப் பிடித்தது என்று பேசிய ஆதிச் சபைப் பிதாக்கள் நிறைய. அந்தியோகியாவில் 386-387-இல் கிறிசோஸ்தோம் யூதருக்கு விரோதமாகச் செய்த பிரசங்கங்களை இன்று வாசிக்கக் கூசுகிறது. ஆனால் கடைசியில் எலியா வந்து போதிக்க யூதர்கள் கிறிஸ்துவை விசுவாசிப்பார்கள் என்று அகுஸ்தீனே எழுதியிருக்கிறார், அதுவும் தன் காலத்து விசுவாசிகளிடையே சகஜமான நம்பிக்கை என்ற தொனியில். 1640-களில் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய பியூரிட்டன்கள் (இங்கிலாந்தின் சீர்திருத்தக்காரர்கள்), "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று ஜெபிக்கும்போது யூதர்கள் அழைக்கப்படவும் ஜெபிக்கிறோம் என்று வினாவிடையிலேயே எழுதிவைத்தார்கள். 1948-க்கு 300 வருஷம் முன்னால்! இந்த நம்பிக்கை இஸ்ரேல் தேசத்தோடு பிறந்ததென்று நினைப்பவர்களும் கவனிக்க.

"யூதருக்கு ஒன்றுமில்லை" என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தர் சாட்சி. 1523-இல் இயேசு பிறப்பால் யூதர் என்பதை நினைவூட்டி, அவர்களை அன்பாக நடத்துங்கள் என்று எழுதினார். அவர்கள் எதிர்பார்த்தபடி மனந்திரும்பவில்லை. 1543-இல் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். அந்த எழுத்தை 20-ஆம் நூற்றாண்டில் நாஜிகள் தூசிதட்டி எடுத்தார்கள்.

பவுல் ரோமர் 11-ஐ யாருக்கு எழுதினார்? ரோமப் பேரரசன் கிலவுதியு யூதரை ரோமாபுரியைவிட்டுத் துரத்தினான் (அப். 18:2). ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்படித்தான் கொரிந்துவுக்கு வந்தார்கள். அவன் 54-இல் செத்தபின் யூதர்கள் திரும்புகிறார்கள். ரோமர் 16:3-இல் அந்தத் தம்பதி மறுபடி ரோமாபுரியில். இடையில் சபை புறஜாதியார் கையில் இருந்தது. வீட்டுக்காரர் திரும்பிவந்தபோது குடிவந்தவர் நாற்காலியைவிட்டு எழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத்தான் பவுல் சுமார் 57-இல் எழுதுகிறார்: "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்." உங்கள் போதகரிடம் 11:18-ஐக் காட்டுங்கள். மரியாதையாகக் காட்டுங்கள். 9-இலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

யூதருக்குத் தனி உடன்படிக்கை இருப்பதால் அவர்களுக்கு இயேசு தேவையில்லை என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். கத்தோலிக்கரும் அப்படித்தான் சொல்கிறார்களாமே? (கோலார் தங்கவயல்)

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். யூதர் ஏற்கெனவே பிதாவினிடத்தில் இருப்பதால் குமாரன் வழியாக வரத் தேவையில்லை என்ற சிந்தனையை எழுதியவர் யூத மெய்யியலாளர் பிரான்ஸ் ரோசன்ஸ்வைக். 1913-இல் ஞானஸ்நானம் எடுக்கும் விளிம்புவரை வந்து, யூதனாகவே இருந்துவிட முடிவுசெய்தவர். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் புரிகிறது. கிறிஸ்தவப் போதகர் சொல்வதுதான் புரியவில்லை. அது உண்மையானால் இஸ்ரவேலரின் இரட்சிப்புக்காக பவுல் ஏன் விண்ணப்பம் செய்கிறார் (ரோமர் 10:1)? அவர்களுக்காகத் தான் சபிக்கப்பட்டவனாகவும் சம்மதம் என்று ஏன் கதறுகிறார் (9:3)?

கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் வத்திக்கான் சங்கத்தில், இயேசுவின் மரணப் பழியை எல்லா யூதர்மேலும் சுமத்தக்கூடாது என்று அறிவித்தது. நல்ல காரியம், வெகு தாமதம். 2015-இல் வத்திக்கான் ஆணைக்குழு ஒன்று, யூதரைக் குறிவைத்துத் தனி மிஷனரி அமைப்பு நடத்துவதில்லை என்று எழுதியது. ஆனால் இரட்சிப்புக்கு இரண்டு வழிகள் இல்லை என்றும் அதே ஆவணம் சொல்கிறது. கூட்டத்தில் பேசியவர் பாதியில் மூடிவைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஏசாயா 59:20-இல் மீட்பர் சீயோனுக்கு வருகிறார். ரோமர் 11:26-இல் சீயோனிலிருந்து வருகிறார். எது சரி? (நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்)

இரண்டும். எபிரெயத்தில் "சீயோனுக்கு", கிரேக்க மொழிபெயர்ப்பில் "சீயோன் நிமித்தம்", பவுல் "சீயோனிலிருந்து". சங்கீதம் 14:7-இன் வார்த்தையை அவர் இதோடு கலந்திருக்கலாம். மாவட்டத்தைக் குறிப்பிட்டதற்கு நன்றி, ஒரு நொடி கலிலேயாவிலிருந்து கடிதம் என்று நினைத்துவிட்டேன்.

வெளிப்படுத்தல் 7-இன் 1,44,000 பேர் யூதரா, சபையா?

கோத்திரப் பெயர்களை நேரடியாக எடுத்தால் யூதர். அந்தப் பட்டியலில் தாண் இல்லை, எப்பிராயீம் பெயர் இல்லை, லேவி இருக்கிறது என்பதைப் பார்த்தால் அடையாளம். நான் பென்சிலால் "அடையாளம்" என்று எழுதியிருக்கிறேன்.

மணிப்பூர், மிசோராமில் இருக்கும் பினே மனாசே மக்கள் உண்மையிலேயே மனாசே கோத்திரமா? அவர்கள் இஸ்ரேல் போவது தீர்க்கதரிசன நிறைவேறுதலா?

2005-இல் இஸ்ரேலின் செபர்தீ (ஸ்பெயின் வழிவந்த யூத மரபு) தலைமை ரபி அவர்களைக் காணாமற்போன கோத்திரத்தின் வழிவந்தவர்களாக ஏற்றார். ஆனாலும் முறைப்படி யூத மதத்துக்கு மாறின பிறகுதான் குடியுரிமை. அவர்களில் பலருடைய பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் கிறிஸ்தவர்கள் என்பதை, கைதட்டுவதற்கு முன் யோசியுங்கள்.

ஆராதனையில் ஊதுவதற்கு நல்ல ஷோஃபர் (ஆட்டுக்கடாக் கொம்பு) எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும்?

எனக்கு எழுதியிருக்கக் கூடாது.